நாவால் இயலாததை வண்ணம் சொல்லும்



கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய மீனவக் கிராமம் நெட்டுக்குப்பம். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு பரவிய எண்ணெய்க் கசிவு, அப்பகுதியின் படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கிய செய்தியை நீங்கள் படித்திருப்பீர்கள். படகில் ஒட்டிய எண்ணெய் எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஆனால் அதே கரையில் ஒரு வீட்டில், பதினாறு வயது மகன் உணவும் உறக்கமும் மறந்து சுவரையே பார்த்தவாறு அமர்ந்திருந்தால், அவனுடைய உள்ளத்துச் சுமை யார் கண்ணுக்குத் தெரியும்?

அவனைப் பெற்ற தாயைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அண்டை வீட்டார் கேட்டால் "காய்ச்சல்" என்கிறாள். தாயத்துக் கட்டுகிறாள், ஓதி ஊதச் செய்கிறாள். மருத்துவமனை என்ற சொல்லை மட்டும் நாவில் எடுப்பதில்லை. மூத்த மகளின் நிக்காஹ் பேச்சு நின்றுவிடுமோ என்ற அச்சம்! இத்தகைய தாய்மார்கள் எல்லா ஊரிலும் உண்டு. நம் தெருவிலும் உண்டு.

மனநலக் குறைபாடுகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்றும், அவற்றுள் பெரும்பாலானவை கண்டறியப்படுவதே இல்லை என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாம் மறைக்கும் ஒவ்வொரு நாளும் பிள்ளை இழக்கும் நாளே.

கேலிச் சொல்லான கீழ்ப்பாக்கம்

சென்னையில் அரசு மனநல மருத்துவமனை 1794இல் தோன்றியது. 1871 முதல் இன்றைய இடத்தில் இயங்குகிறது. ஆயினும் "கீழ்ப்பாக்கம்" என்பதை நாம் ஏச்சுச் சொல்லாக அல்லவா ஆக்கி வைத்திருக்கிறோம்? இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படும் டாக்டர் சாரதா மேனன், 1961 முதல் 1978 வரை அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்தார். மருந்தோடு நின்றுவிடாமல், நோயாளியின் கைகளுக்கும் வேலை தரவேண்டும் என்ற கொள்கை அவர் காலத்தில் வலுப்பெற்றது. கைவேலை வழியே மனத்தைத் தேற்றும் அம்முறையின் உடன்பிறப்பே ஓவியச் சிகிச்சை.

1946இல் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோவில், நீஸ் டா சில்வேரா என்ற பெண் மருத்துவர், மின்னதிர்ச்சி முதலிய கடுமையான முறைகளை ஏற்க மறுத்து, மனநல மருத்துவமனைக்குள்ளேயே ஓவியக்கூடம் திறந்தார். நோயாளிகளின் படைப்புகளைக் காக்க 1952இல் ஓர் அருங்காட்சியகமும் அமைத்தார்.

நமக்கு மட்டும் இது அந்நியமா என்ன? 1488இல் துருக்கியின் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் நிறுவிய மருத்துவமனையில், மனநோயாளிகளுக்கு இசையும் நீரின் ஓசையும் மலர்களின் மணமும் மருந்தோடு சேர்த்து அளிக்கப்பட்டன. அக்கட்டடம் இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. நம் அண்டை நாடான இலங்கையில், 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போரால் உள்ளம் நொந்த தமிழ்ச் சிறுவரும் முஸ்லிம் சிறுவரும் ஒன்றாக அமர்ந்து களிமண் பிசைந்தனர், ஓவியம் தீட்டினர்.

என்னதான் நடக்கிறது?

பயிற்சி பெற்ற ஒருவரின் மேற்பார்வையில், சில இளைஞர்கள் மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். எதிரே வெள்ளைத்தாள், வண்ணக்கட்டி, களிமண். அழகாக வரையவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, மதிப்பெண் இல்லை, போட்டி இல்லை. "உன் பயத்தைச் சொல்" என்றால் வாய் மூடிக்கொள்ளும் பிள்ளை, அதைக் கறுத்த அலையாகத் தாளில் இறக்கி வைக்கிறான். பிறகு அந்த அலையைப் பற்றிப் பேசுகிறான். தன்னைப் பற்றிப் பேசுவதைவிடத் தாளைப் பற்றிப் பேசுவது அவனுக்கு எளிது. சிகிச்சையின் நுட்பம் அங்கேதான் இருக்கிறது.

"உயிருள்ளவற்றை வரையலாமா?" என்று சிலர் தயங்கலாம். மார்க்க அறிஞரிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இங்கே முகம் வரைந்தே தீரவேண்டும் என்பதில்லை. படகு, மரம், கோடு, வட்டம், வெறும் வண்ணம், எதுவும் போதும். கொடியும் இலையும் எழுத்தணியும் கொண்டு பள்ளிவாசல் சுவர்களை அலங்கரித்த மரபு நம்முடையதல்லவா?

மருந்துக்கு மாற்றல்ல

ஒன்றை மறவாதீர்கள். ஓவியம் மருந்தை நீக்கிவிட்டு வருவதல்ல. மருத்துவரின் சிகிச்சைக்குத் துணையாக வருவது. அவ்வாறே துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியின் தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பியோட வழியின்றி வெந்தனர். 28 உயிர்கள் பறிபோயின. அந்தச் சங்கிலிகள் நம் அனைவரின் மனச்சாட்சிக்கும் கேள்வி! 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. 18 வயது நிரம்பாதவரைப் பெரியவர்களிடமிருந்து பிரித்தே தங்கவைக்க வேண்டும். பாதுகாவலரோ அவர் நியமித்தவரோ உடனிருக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. ஆகவே, "பிள்ளையைத் தனியே விட்டுவிட நேருமோ" என்ற கலக்கம் தாய்மார்களுக்கு வேண்டியதில்லை.

பெற்றோரே! உங்கள் பிள்ளை ஒரு படத்தை நீட்டினால், "இது என்ன கிறுக்கல்?" என்று கேட்காதீர்கள். கறுப்பு என்றால் துயரம், சிவப்பு என்றால் சினம் என்று நீங்களே பொருள் கட்டவும் வேண்டாம். "இதைப் பற்றிச் சொல்லேன்" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவன் விரும்பாவிட்டால் அதைப் பிறருக்குக் காட்டாதீர்கள். அது அவனுடைய அமானிதம். உறக்கமும் உணவும் பேச்சும் நாள்கணக்கில் குன்றினால் காலம் தாழ்த்தாது மருத்துவரை நாடுங்கள். 14416 என்ற அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். உயிருக்கே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் தென்பட்டால் அவனைத் தனியே விடாது, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கால் முறிந்த மகனைத் தோளில் சுமந்து மருத்துவமனைக்கு ஓடும் நாம், மனம் முறிந்த மகனை அறைக்குள் பூட்டி வைப்பது என்ன நீதி? நெட்டுக்குப்பத்துத் தாயாயினும் நம் தெருவின் தாயாயினும், அவள் வெட்கமின்றி மருத்துவமனை வாசலை மிதிக்கும் நாள் வரவேண்டும். அவளைப் பார்த்துக் கிசுகிசுக்காமல், "நானும் துணைக்கு வருகிறேன்" என்று நாம் எழுந்தால் அந்த நாள் விரைவில் வரும்.