ஒரே சுவர், மூன்று வழிபாடு

குழந்தைகளே, கேரளத்தில், கோட்டைக் கொச்சியில் புனித பிரான்சிஸ் ஆலயம் இருக்கிறது. ஐரோப்பியர் இந்தியாவில் கட்டிய மிகப் பழைய தேவாலயங்களில் ஒன்று. அதன் வரலாற்றை அந்தக் கட்டடத்திலேயே படிக்கலாம், வாருங்கள்!

1503இல் போர்ச்சுகீசியர் இங்கே கட்டியது மரக்கோயில்தான். கொச்சியில் மழை கொட்டும். நனைந்த மரத்தில் பூஞ்சை பிடிக்கும், கரையானும் அரிக்கும். பிறகு கொச்சி மன்னரின் அனுமதியோடு செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அதைத் திரும்பக் கட்டி, ஓடு வேய்ந்து, 1516இல் முடித்தார்கள்.

சுண்ணாம்பு எப்படிச் சுவரைப் பிடித்து நிறுத்துகிறது? கேரளக் கரையோரத்தில் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது பழைய வழக்கம். கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். சூளையில் சுட்டால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும். மிஞ்சும் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் புஸ்ஸென்று கொதித்து நீறும். அதை மணலோடு குழைத்துப் பூசினால், காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிவிடும். ஆண்டுகள் போகப் போகச் சுவர் இறுகும்.

இந்தச் சுவருக்குள் முதலில் நடந்தது கத்தோலிக்க வழிபாடு. 1524இல் கொச்சியில் இறந்த போர்ச்சுகீசியக் கடலோடி வாஸ்கோ ட காமாவை இங்கேதான் புதைத்தார்கள். பிற்பாடு உடலைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போனாலும், கல்லறை இருந்த இடத்தை இன்றும் பார்க்கலாம்.

1663இல் டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்தார்கள். அவர்கள் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள். ஊரில் இருந்த கத்தோலிக்கக் கோயில்கள் பலவற்றை இடித்தவர்கள், இதைத் தங்கள் வழிபாட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். பலிபீடமும் பொன்முலாம் பூசிய மரத்தடுப்புகளும் வெளியே போயின. எளிய மேசையும் பிரசங்க மேடையும் உள்ளே வந்தன. 1795இல் கொச்சி ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1804இல் ஆலயம் ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு வந்தது. இன்று அது தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயம். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

உள்ளே போனதும் சுவர்களைப் பாருங்கள். வடக்குச் சுவரில் போர்ச்சுகீசியரின் கல்லறைக் கற்கள், தெற்குச் சுவரில் டச்சுக்காரரின் கற்கள். முன்பு தரையில் கிடந்தவற்றை 19ஆம் நூற்றாண்டில் பெயர்த்துச் சுவரில் பதித்தார்கள். இல்லையென்றால் கால்பட்டுக் கால்பட்டு எழுத்துகள் தேய்ந்தே போயிருக்கும்.

இப்போது தலைக்கு மேலே பாருங்கள். நீளமான துணி விசிறிகள் தொங்குகின்றன. இவைதான் பங்கா. சுவரில் உள்ள ஓட்டை வழியாகக் கயிறு வெளியே போகும். அந்தக் காலத்தில் அங்கே ஒருவர் உட்கார்ந்து இழுத்துக்கொண்டே இருப்பார். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், அதனால் வியர்வை சீக்கிரம் காயாது. பங்கா அசைந்தால் உடலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்று விலகும், வியர்வை ஆவியாகும், உடல் குளிரும். ஒரு கையை நனைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் மின்விசிறிக்கு நேராக நீட்டுங்கள். எந்தக் கை அதிகம் சில்லிடுகிறது?

ஆட்சி மாறியபோது இந்த ஆலயத்தில் எவ்வளவோ பொருள்கள் மாறின. ஆனாலும் முன்னவர்களின் கல்லறைக் கற்கள் அழியாமல் நின்றதால்தான் நம்மால் அவர்களைத் தெரிந்துகொள்ள முடிகிறது. உங்கள் ஊர்ப் பழைய கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எதற்குப் போனாலும் செங்கல்லையும் காரையையும் கல்வெட்டையும் உற்றுப் பாருங்கள். குறிப்பெடுங்கள், படம் வரையுங்கள். சுவரில் மட்டும் பெயரைக் கிறுக்காதீர்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களும் அந்தச் சுவரைப் படிக்க வேண்டும்!