உதிர்ந்த இலையும் ஒரு பாடம்

மேலைநாடுகளில் இலையுதிர்காலம் என்பது புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் வருவது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்திலோ அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை தொடங்கிக் கரிசல் காடு பசுமை கொள்கிறது. நம் வேம்பும் அரசும் வாகையும் இலையுதிர்ப்பது முன்பனி கழிந்து வெயில் ஏறும் மாசி, பங்குனியில்தான். அங்கே குளிருக்கு அஞ்சி உதிரும் இலை, இங்கே வறட்சிக்கு அஞ்சி உதிர்கிறது. இலைகளின் வழியே நீர் ஆவியாகி வெளியேறுவதைத் தடுக்கவே மரம் அவற்றை விடுகிறது. விடுமுன் இலையிலுள்ள சத்துகளில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பச்சையம் சிதையும்போது, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறம் வெளித்தெரிகிறது.

இளங்குழந்தைகளின் பெற்றோருக்கு இப்பருவத்தை நினைவூட்டக் காரணம் உண்டு. இரண்டு முதல் நான்கு வயதுள்ள குழந்தை திரை முன் அமரும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணியைத் தாண்டலாகாது என்றும், நாள் முழுவதிலுமாகச் சேர்த்து மூன்று மணி நேரமேனும் ஓடியாட வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. கைபேசியை வாங்கிவிட்டால் குழந்தையின் கையில் வேறு எதைத் தருவது என்று பெற்றோர் எங்களிடம் கேட்கின்றனர். செலவில்லாத ஒரு விடை, உதிர்ந்த இலை.

இது புதிய கருத்தன்று. மருத்துவராகத் தொழில் தொடங்கிப் பின்னர் குழந்தைக் கல்விக்கு வழிகாட்டிய மரியா மாண்டிசோரி 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். இலை வடிவங்களைக் குழந்தை விரலால் தடவி அறியும் மரப்பலகைகள் அவருடைய கல்விமுறையில் இன்றும் பயன்படுகின்றன. நமக்குப் பலகை தேவையில்லை, இலையே இருக்கிறது.

இரண்டு வயதுக் குழந்தை பெரியது, சிறியது எனப் பிரிக்கட்டும். மூன்று வயதில் ஒரே மாதிரியான இலைகளை இணை சேர்க்கட்டும். நான்கு, ஐந்து வயதில் ஒரு வேப்பங்காம்பில் எத்தனை சிற்றிலைகள் என்று எண்ணட்டும். அரசிலையின் கூரிய நுனியையும் புங்கிலையின் வழவழப்பையும் தொட்டுச் சொல்லட்டும். காம்பை இரு விரலால் பற்றி எடுக்கும் பழக்கமே பின்னாளில் எழுதுகோல் பிடிக்க உதவும். சேகரித்தவற்றைப் பழைய செய்தித்தாளின் மடிப்பில் வைத்து, மேலே கனமான பொருளை ஏற்றினால் சில நாள்களில் உலர்ந்து ஒட்டுவதற்கு ஏற்றதாகும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பேச்சு. குழந்தை ஒன்றைச் சுட்டும்போது உடனே பதில் சொல்லும் பெரியவர் அருகில் இருந்தால் சொல்வளம் பெருகும். பெற்றோர் தறிக்கும் ஆலைக்கும் செல்லும் வீடுகளில் அப்பெரியவர் தாத்தாவோ அப்பத்தாவோ அம்மாச்சியோதான். கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்னும் வரிசையும், பனைக்கு ஓலை, கரும்புக்குத் தோகை, தாழைக்கு மடல் என்னும் வேறுபாடும் அவர்கள் அறிந்தவை. எழுதப் படிக்கத் தெரியாத மூத்தோரும் இப்பாடத்தில் தேர்ந்த ஆசிரியரே.

எனினும் எச்சரிக்கை தேவை. அரளியின் எல்லாப் பகுதியும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. ஊமத்தங்காய், ஆமணக்கு விதை, குன்றிமணி ஆகியவற்றை வாயிலிட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வை கெடலாம். ஆகவே உதிர்ந்த இலையை மட்டும் பொறுக்கும் வழக்கம் நல்லது. விதையும் காயும் வேண்டா. சீமைக்கருவேல முள் நிறைந்த இடத்திற்குச் செருப்பின்றிச் செல்லலாகாது. முள் குத்தினால் காயத்தைச் சோப்பிட்டுக் கழுவி, தடுப்பூசி அட்டையுடன் மருத்துவரிடம் வாருங்கள். சருகுக் குவியலில் விரியன் பாம்பும் தேளும் பதுங்கும். குவியலில் கைவிடாமல், பெருக்கிய முற்றத்தில் தனித்தனியே கிடப்பவற்றையே எடுக்கச் செய்யுங்கள்.

நஞ்சுள்ளதை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புக் கரைசலும் புகட்டாதீர்கள். விழுங்கியதன் மிச்சத்தை எடுத்துக்கொண்டு 108 ஊர்தியை அழைத்து உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். கண்ணில் பால் பட்டால் தூய நீரால் கால் மணி நேரம் கழுவியபின் வாருங்கள். பாம்பு கடித்தால் கீறவோ இறுகக் கட்டவோ கூடாது; குழந்தையை நடக்க விடாமல் தூக்கி வாருங்கள்.

ஆஸ்துமா உள்ள குழந்தைக்குத் தூசியும் பூஞ்சையும் படிந்த சருகு ஒவ்வாது. அவர்களுக்கு அன்று உதிர்ந்த பழுப்பைக் கழுவித் துடைத்துக் கொடுக்கலாம். கூட்டிய சருகை எரிக்காமல் உரக்குழியில் இடுவது அவர்களுடைய மூச்சுக்கும் மண்ணுக்கும் நன்மை. புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்ளும் குழந்தைகளின் நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்திருக்கும்; மண்ணும் சருகும் அவர்களைத் தொற்றுக்கு உள்ளாக்கக்கூடும். அவர்களுடைய படுக்கைக்கு இலையைக் கொண்டுவர வேண்டா. அண்ணனோ அக்காளோ தாளில் வரைந்து அனுப்பிய இலையே அவர்களுக்குப் போதும்.

வேம்பு நெடுநாள் மொட்டையாக நிற்பதில்லை. சில வாரங்களிலேயே செந்தளிர் விடும். பங்குனியில் ஒட்டிய சருகின் அருகே சித்திரைத் தளிர் ஒன்றையும் குழந்தை ஒட்டட்டும். ஒரு மரத்தின் ஓராண்டை அத்தாளிலேயே அது படித்துவிடும்.