சேற்றில் கிடக்கும் கண்ணாடி மணிகள்

வடசென்னையின் புளியந்தோப்பைக் கடந்து வரும் ஓட்டேரி நல்லா ஓடை, பேசின் பாலத்துக்கு அருகே பக்கிங்காம் கால்வாயில் சேர்கிறது. அந்தக் கால்வாய் வடக்கே திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் கழிமுகத்தை எட்டுகிறது. கொசஸ்தலை ஆறு கடலில் கலப்பதும் அங்கேதான். ஊர்ச் சாக்கடை, ஆலைக் கழிவு, அனல்மின் நிலையச் சாம்பல், ஆற்று நீர், கடல் நீர் எல்லாம் ஒன்றுகூடும் இடம் அது. தண்ணீர் கெட்டுப்போயிருக்கிறது என்பதை மூக்கே சொல்லிவிடும். எதனால் கெட்டது, எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் அறிவியல் வேண்டியிருக்கிறது.

முதலில் பார்ப்பது, அந்த நீரில் மீன் மூச்சுவிட முடியுமா என்பதை. 1888-ல் ஹங்கேரிய வேதியியலாளர் லாயோஷ் விங்க்லர் கண்டுபிடித்த முறை இன்றைக்கும் ஆய்வகங்களில் இருக்கிறது. ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் கண்ணாடிப் புட்டியில் நீரை நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் விடுகிறார்கள். நீரில் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் வீழ்படிவு திரண்டு அடியில் இறங்கும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். பிறகு அமிலம் சேர்த்து, வெளிவரும் அயோடினை அளந்தால் ஆக்சிஜனின் அளவு கிடைத்துவிடும். 30 டிகிரி வெப்பத்தில் சுத்தமான நன்னீர்கூட லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்துவைத்துக்கொள்ளும். குளிக்கும் நீரில் 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. சாக்கடை கலந்தால், அதைத் தின்று பெருகும் பாக்டீரியாக்கள் இந்தக் கொஞ்ச ஆக்சிஜனையும் காலி செய்துவிடுகின்றன.

சாம்பலின் கதை வேறு. வடசென்னையில் சுரங்கம் எதுவும் இல்லை. ஆனால் சுரங்கத்தின் மிச்சம் இங்கேதான் வந்து சேர்கிறது. ஒடிசாவின் தால்ச்சரில் வெட்டிய நிலக்கரி பாரதீப்பில் கப்பலேறி எண்ணூருக்கு வருகிறது. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டதே முதன்மையாக நிலக்கரியை இறக்கத்தான். நம் நாட்டு அனல்மின் நிலையங்களில் எரியும் உள்நாட்டு நிலக்கரியில் பொதுவாக 30 முதல் 45 விழுக்காடு வரை சாம்பல்தான். வடசென்னை அனல்மின் நிலையம் இந்தச் சாம்பலை நீரில் குழைத்துக் குழாய்கள் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறது. அந்தக் குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல் கொசஸ்தலையில் படிந்ததால், மீனவர்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக நேர்ந்தது.

நிலக்கரி நீரைக் கெடுப்பது என்றால் அமிலம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். மேகாலயாவின் ஜைந்தியா மலைகளில் நடந்தது அதுதான். நிலக்கரியில் இருந்த கந்தகத் தாது காற்றும் நீரும் பட்டு அமிலமாகி, ஓடைகளில் மீன் இல்லாமல் போனது. ஆனால் தால்ச்சர் நிலக்கரியில் கந்தகம் குறைவு. அதன் சாம்பல் நீரைப் பெரும்பாலும் காரத்தன்மைக்கே இழுக்கும். கார நீரில் ஈயமும் செம்பும் எளிதில் கரையாமல் படிந்துவிடுகின்றன. ஆர்சனிக், செலினியம், போரான் ஆகியவையோ நீரோடு பயணிக்கின்றன. அமிலம் இல்லை, ஈயம் இல்லை என்று சோதனைத்தாள் சொன்னதும் நிம்மதி அடைந்துவிட முடியாது. எதைத் தேடவில்லையோ அது கண்ணில் படாது.

சேற்றை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் இன்னொரு சாட்சி கிடைக்கிறது. ஆற்று மணல் கோணல்மாணலாக, முனை முறிந்து தெரியும். சாம்பல் துகள்களில் பெரும்பாலானவை உருண்டையாக இருக்கும். கொதிகலன் நெருப்பில் உருகிய கனிமத் துளிகள், காற்றில் மிதந்தபடியே குளிர்ந்து கண்ணாடி மணிகளாகிவிடுகின்றன. சில மணிகள் உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கூடுகள்தான். அவை நீரில் மிதக்கும். ஆற்றுப்படுகைச் சேற்றில் உருண்டை மணிகள் குவிந்து கிடந்தால், மழை அடித்துவந்த வண்டல் என்று யாரும் சமாளிக்க முடியாது.

ஆற்றோரச் சுரங்கங்களில் ஒரு வழக்கம் உண்டு: கழிவு கலக்கும் இடத்துக்கு மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி எடுத்து ஒப்பிடுவார்கள். எண்ணூரில் அது மட்டும் போதாது. கடல் ஓதம் ஏறும்போது கழிவு மேல்நோக்கியும் போகும். 'மேலே' எடுத்த நீரிலும் அதே மாசு இருக்கும். ஒரே இடத்தில் ஏற்றத்தின்போது கடல் நீர் புகுந்து கழிவை நீர்க்கச் செய்து குறைத்துக்காட்டும். வற்றத்தின்போது அது அடர்ந்து தெரியும். ஆகவே ஓதம் எட்டாத இடத்திலும் ஒரு மாதிரி வேண்டும். ஒவ்வோர் அளவோடும் ஓதத்தின் நிலையையும் நீரின் உப்பையும் குறித்துவைக்க வேண்டும்.

எந்த நேரம் எந்தத் திசையில் நீர் ஓடும், எந்தத் திட்டில் சாம்பல் படிந்து மட்டி போனது என்பதெல்லாம் எண்ணூரின் காட்டுக்குப்பம் மீனவர்களுக்குத் தெரியும். கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் தெரியும். மாதிரி எடுக்கும் இடத்தையும் வேளையையும் அவர்களைக் கேட்டுத் தீர்மானிப்பதே நல்ல அறிவியல். முடிவுகள் இடம், நாள், ஓத நிலை, சேற்றின் சோதனை ஆகியவற்றோடு தமிழில் வெளிவர வேண்டும். அந்தத் தண்ணீரை நம்பிப் பிழைப்பவர்கள் படித்துப் பார்த்து, 'இந்த இடத்தை விட்டுவிட்டீர்களே' என்று கேட்க முடிந்தால்தான் அது கண்காணிப்பு.