வாளிக்குத் தடை வேண்டாம், ஹோஸ் பைப்புக்குப் போதும்

குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் மேலகரம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கும் ஊர். ஆட்டோவில் ஏறினால் பத்து நிமிடத்துக்குள் அருவிக்கரையில் இறங்கிவிடலாம். இங்கே வந்து, “தண்ணீர்ப் பஞ்சம், காரைக் கழுவாதீர்கள்” என்று சொன்னால் சாரல் மாதங்களில் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். பங்குனி, சித்திரையில் அதே ஆள் சிரிக்கமாட்டார். அருவி விழும் இடத்தில் வெறும் பாறை தெரியும். சுற்றுவட்டார அணைகளிலேயே சின்னதான குண்டாறு அணைக்கு உயரம் 36.10 அடிதான், நாலு நாள் நல்ல மழை பெய்தால் நிரம்பும், வெயில் ஏறினால் சீக்கிரம் இறங்கும். மலையில் விழும் மழை சிற்றாற்றில் இறங்கி, வழியில் குளங்களை நிரப்பி, மிச்சமிருப்பது சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலந்துவிடுகிறது. அருவியில் விழுவது ஒரு கணக்கு, வீட்டுக் குழாயில் வருவது வேறொரு கணக்கு. எடுத்து, சுத்திகரித்து, குளோரின் கலந்து, மின்சாரம் செலவழித்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி, முறை வைத்துத் திறந்துவிடப்படும் தண்ணீர் அது. தட்டுப்பாட்டுக் காலத்தில் காரைக் கழுவலாமா என்ற கேள்வி இந்த இரண்டாவது கணக்கைச் சேர்ந்தது. கழுவலாம், ஆனால் ஹோஸ் பைப்பைத் தொடக்கூடாது என்பதே என் பதில்.

இதைப் பல ஊர்கள் பல விதமாகக் கையாண்டிருக்கின்றன. 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம், குடிநீரால் வாகனம் கழுவக்கூடாது, தோட்டத்துக்கு ஊற்றக்கூடாது, கட்டடம் கட்டக்கூடாது என்று உத்தரவு போட்டது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். சில நாட்களில் 22 வீடுகளிலிருந்து மொத்தம் 1.10 லட்சம் ரூபாய் வசூலானதாகச் செய்தி வந்தது. ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழும் நகரத்தில் இருபத்திரண்டே வீடுகள்! காம்பவுண்டுச் சுவருக்கு உள்ளே யார் எந்தத் தண்ணீரால் எதைக் கழுவுகிறார்கள் என்று கண்டுபிடிப்பது அவ்வளவு கடினம். அதே ஆண்டு மே மாதக் கடைசியில் டெல்லி அரசு வேறு மாதிரி யோசித்தது. ஹோஸ் பைப்பால் கார் கழுவுவது, மேல்தொட்டி நிரம்பி வழியவிடுவது போன்றவற்றுக்கு 2,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்து, கண்காணிக்க 200 குழுக்களை இறக்கியது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் 2018-இல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று இறங்கியபோது, நகராட்சித் தண்ணீரால் கார் கழுவுவதற்கே தடை இருந்தது. உயிர்போகும் நெருக்கடிக்கு அது சரி. இங்கிலாந்தில் தண்ணீர் நிறுவனங்கள் வறண்ட கோடைகளில் போடும் தடை நம் ஊருக்கு அதிகம் பொருந்தும். ஹோஸை எடுத்தால் ஆயிரம் பவுண்டு வரை அபராதம் உண்டு. வாளியும் பஞ்சும் வைத்துக் கழுவினால் யாரும் கேட்கமாட்டார்கள்.

வாளிக்கு ஏன் இந்தச் சலுகை? சாதாரண ஹோஸில் தண்ணீரின் வேகத்தைப் பொறுத்து நிமிடத்துக்குப் பத்து முதல் இருபது லிட்டர் வரை ஓடும். நடுவாகப் பதினைந்து என்று வைத்துக்கொள்வோம். நிதானமாகக் கார் கழுவுகிறவர் இருபது நிமிடம் குழாயைத் திறந்து வைத்தால் 300 லிட்டர். பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 70 லிட்டர் குழாய்நீர் தரவேண்டும் என்பது மத்திய அரசின் 1999 குடிநீர்க் கையேட்டில் இருந்த அளவு. ஆக, அந்த அளவின்படி ஒரு காரின் ஞாயிற்றுக்கிழமைக் குளியல் நாலு பேர் குடும்பத்தின் ஒரு நாள் பங்கைவிடக் கூடுதல். வாளியில் கழுவினால் முப்பது, மிஞ்சிப்போனால் நாற்பது லிட்டர். பத்தில் ஒரு பங்கு என்றே சொல்லலாம். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் மனிதர்களின் பேராசை அல்ல. ஷாம்பு போட்டுத் தேய்க்கும்போதும், போன் வந்து பேசும்போதும், ஈரத் துணியைப் பிழியும்போதும் ஹோஸ் தரையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதற்கு அளவு கிடையாது. வாளி காலியானால் காலிதான். மறுபடி போய்ப் பிடித்துத் தூக்கி வரவேண்டும் என்ற சோம்பலே பாதித் தண்ணீரைக் காப்பாற்றிவிடும். சந்தேகம் இருப்பவர்கள் உங்கள் ஹோஸை ஒரு பதினைந்து லிட்டர் வாளியில் விட்டு, நிரம்ப எத்தனை நொடி என்று பாருங்கள்.

வாளியில் கழுவினால் பெயின்டில் கீறல் விழும் என்பது கார் வைத்திருப்பவர்களின் நியாயமான பயம். காய்ந்த தூசியின் மேல் வெறும் துணியைப் போட்டுத் தேய்த்தால் நிச்சயம் விழும், மணல்துகள் பெயின்டை அரைத்துவிடும். அதற்கு வழி இருக்கிறது. நிழலில் நிறுத்துங்கள், வெயிலில் சூடான தகட்டில் தண்ணீர் உடனே காய்ந்து திட்டுத் திட்டாக வெள்ளைக்கறை விடும். உப்பு கூடிய போர்த் தண்ணீர் என்றால் சொல்லவே வேண்டாம். முதலில் ஒரு மக் தண்ணீரைக் கூரையிலிருந்து மெல்ல ஊற்றித் தூசியை ஊறவிட்டு இறக்கவேண்டும். இரண்டு வாளி தேவை: ஒன்றில் நல்ல தண்ணீர், மற்றொன்று அழுக்குத் துணியை அலச. துணியை முதலில் அழுக்கு வாளியில் அலசிப் பிழிந்த பிறகே நல்ல வாளியில் முக்கவேண்டும். மைக்ரோஃபைபர் துணி நல்லது, நன்றாகத் துவைத்துப் பதம்போன பழைய வேட்டியும் மோசமில்லை. கூரை, கண்ணாடி, பானெட், கதவு என்று மேலிருந்து கீழே வந்து, சக்கரங்களைக் கடைசியில் தொடுங்கள். வெறும் தூசிக்கு ஷாம்பு வேண்டியதே இல்லை. நுரையைப் போக்கத்தான் தண்ணீர் அதிகம் செலவாகிறது. ஷாம்பு போடாத அழுக்குத் தண்ணீர் தென்னை மூட்டுக்குப் போகலாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, கண்ணாடி துடைக்க அதைவிட நல்லது கிடையாது. ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரில் உப்பு அதிகம். பெயின்டுக்கு ஆகாது, கால்மிதிக்கும் சக்கரத்துக்கும் ஆகும். பறவை எச்சம் மட்டும் காத்திருக்காது, பெயின்டை அரிக்கும். அதை அன்றைக்கே அரை மக் தண்ணீரில் ஊறவைத்து எடுத்துவிட வேண்டும். முன்கண்ணாடி, விளக்கு, நம்பர் பிளேட் மூன்றும் எப்போதும் சுத்தமாக இருக்கட்டும். மற்றபடி கதவில் ஒரு வாரத் தூசி படிந்த கார் ஒன்றும் ஓடாமல் நின்றுவிடாது.

“என் வீட்டு போர், என் மோட்டார், என் கரன்ட் பில், பஞ்சாயத்துக்கு என்ன வந்தது?” என்பார்கள். இதுதான் வலுவான மறுப்பு. மேலகரம் இருப்பது கடினப்பாறைப் பகுதி. ஆழத்தில் ஏரிபோலத் தண்ணீர் தேங்கி நிற்பதில்லை, பாறை வெடிப்புகளின் வழியாக ஊறி வருகிறது. ஒரு வெடிப்பு நான்கு வீட்டு போருக்கும் பொதுவாக இருக்கக்கூடும். ஒருவர் அதிகம் உறிஞ்சினால் பக்கத்து வீட்டு மோட்டார் காற்றை இழுக்கும். சட்டமும் வேலியோடு நிற்கவில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவைத் தொடர்ந்து, மத்திய நிலத்தடி நீர் ஆணையம் 2020 அக்டோபர் 8-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், நிலத்திலிருந்து எடுக்கும் குடிநீரை யாரும் வீணாக்கக்கூடாது என்று உத்தரவிட்டிருக்கிறது. சொந்த போருக்கும் இது பொருந்தும்.

இன்னொரு மறுப்பு, வயலுக்குப் போவதோடு ஒப்பிட்டால் கார் கழுவும் தண்ணீர் தூசு என்பது. நாட்டில் எடுக்கப்படும் நீரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வேளாண்மைக்குத்தான் போகிறது, உண்மை. ஆனால் குளத்துத் தண்ணீரை மடை மாற்றி மேட்டுத் தெருக் குழாயில் கொண்டுவர முடியாது. தண்ணீர் திறந்துவிடும் அந்த ஒரு மணி நேரத்தில் தெருவின் தொடக்கத்தில் நாலு வீட்டில் ஹோஸ் ஓடினால், கடைசி வீட்டில் குழாய் சொட்டும். தட்டுப்பாட்டின் வலி விழுவது அங்கே. சிறு துளியின் கணக்கைப் பார்க்க 2019-ஐ நினைத்துக்கொண்டால் போதும். சென்னை ஏரிகள் வற்றியபோது, ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் ஜூலை 12 அன்று வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. ஐம்பது வேகனில் 25 லட்சம் லிட்டர். காருக்கு 300 லிட்டர் வீதம் வகுத்தால், எட்டாயிரத்து முந்நூறு கார்களை ஒரே ஒரு முறை ஹோஸ் போட்டுக் கழுவ அந்த ரயில் முழுக்கச் செலவாகியிருக்கும்.

வீட்டில் கழுவாமல் வாட்டர் வாஷுக்கு விடலாமே என்றால், விடலாம். பிரஷர் பம்ப் நிமிடத்துக்குச் செலவிடும் தண்ணீர் ஹோஸைவிடக் குறைவுதான். ஆனாலும் அடிப்பாகம் வரை அடித்துத் தள்ளும்போது மொத்தச் செலவு வாளியைவிடப் பல மடங்கு. கழுவிய நீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் நிலையமாக இருந்தால் மட்டுமே அது சிக்கனம். ஆயுதபூஜைக்கு முந்தின நாள் ஊரே வண்டி கழுவும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகள் சேறும் சகதியுமாக இந்த வழியே போகும். அவை மழைக்காலம், போகட்டும். ஆனால் எந்தக் காலமானாலும் வண்டியைச் சிற்றாற்றிலோ கால்வாயிலோ இறக்கிக் கழுவுவதற்குச் சமாதானமே கிடையாது. குற்றால அருவிகளில் குளிப்பவர் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் பயன்படுத்தக்கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டிருக்கும்போது, கிரீஸும் டீசலும் ஒட்டிய சக்கரத்தை அதே தண்ணீரில் விடுவது எந்த ஊர் நியாயம்?

மழையை வரவேற்கிற ஊருக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் தொள்ளாயிரம் லிட்டருக்கு மேல் விழும். ஓரத்தில் ஒரு 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் வைத்து, கொசு புகாமல் வலை கட்டினால், ஐந்தாறு முறை கார் கழுவ அது போதும்; உப்புக்கறையும் படியாது.

பேரூராட்சிக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கோடையில் தட்டுப்பாட்டு அறிவிப்பு ஒட்ட நேர்ந்தால், “குடிநீரை வீணாக்காதீர்” என்ற பொதுவாசகத்தோடு நிறுத்தவேண்டாம். யார் வீணாக்குகிறார் என்று அதை வைத்து யாரும் முடிவு செய்ய முடியாது. “வாகனங்களை ஹோஸ் பைப்பால் கழுவக்கூடாது, வாளி பயன்படுத்தலாம்” என்று எழுதுங்கள். ஹோஸ் ஓடுவது தெருவில் போகிறவர் கண்ணில்கூடப் படும், கழுவுகிறவருக்கும் என்ன செய்யவேண்டும் என்று புரியும்.