தாளுக்குப் பெறுமதி தருவது எது?

சகோதரிகளே! மாத்தளைத் தோட்டத்து மிளகைக் காய வைத்துக் கடையில் கொடுக்கிறோம். பதிலுக்குச் சில தாள்களை வாங்கி அலுமாரியில் பூட்டுகிறோம். மிளகு கறிக்கு உதவும். தாள் எதற்கு உதவும்?

அதன் பின்னால் தங்கம் இல்லை. சட்டம் அதைச் செல்லுபடியாக்குகிறது. நாளை பிறரும் அதை வாங்கிக்கொண்டு பொருள் தருவார்கள் என்ற நம்பிக்கையே பெறுமதி தருகிறது. பொருள் பெருகாமல் தாள் மட்டும் பெருகினால் அந்த நம்பிக்கை தேயும்.

மத்திய வங்கி அரசின் செலவுக்காகப் பணம் அச்சிட்டது. டொலர் கையிருப்பும் வற்றியது. 2022 செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. அலுமாரியில் தாள் குறையவில்லை. அது வாங்கும் அரிசி குறைந்தது.

ஸகாத்தின் நிஸாபோ 20 மித்கால் தங்கம், 200 திர்ஹம் வெள்ளி என எடையில் அமைந்தது. ஆகவே பழைய ரூபாக் கணக்கை விட்டு, அன்றைய விலையைக் கேட்டுக் கணக்கிடுங்கள். நாணயத்தைக் காப்பது ஆள்வோரின் அமானிதம். ஸகாத்தைச் சரியாகக் கொடுப்பது நமது அமானிதம்.