ஒரே பக்கம் சாயும் பிழை

பல நிரல்மொழிகளில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று விடை வருவதற்குக் காரணம், எண்களைக் கணினி எழுதிவைக்கும் முறையாகும். பத்தடிமான எண்முறையில் மூன்றில் ஒரு பங்கு 0.333... என முடிவின்றி நீள்வதைப் போலவே, கணினியின் இரும எண்முறையில் பத்தில் ஒரு பங்கு 0.000110011... என்று, 0011 என்னும் வரிசை திரும்பத் திரும்ப வர, நீண்டுகொண்டே போகிறது. கணினியோ ஓர் எண்ணுக்குப் பெரும்பாலும் 64 பிட்டுகளையே ஒதுக்குகிறது. அவற்றுள் 1 கூட்டல், கழித்தல் குறிக்கும், 11 புள்ளி நிற்கும் இடத்தைச் சொல்லும் அடுக்குக்கும், 52 இலக்கங்களுக்கும் உரியவை. புள்ளியின் இடம் இவ்வாறு மாறக்கூடியதாக இருப்பதால் இவை மிதவைப் புள்ளி எண்கள் எனப்படுகின்றன.

இடம் கொள்ளாத இலக்கங்களை வெட்டி எறியலாம், அல்லது மிக அருகிலுள்ள மதிப்புக்குத் திருத்தமாக்கலாம். ஒருமுறை செய்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. பல்லாயிரம் முறை செய்தால் என்னவாகும் என்பதைக் கனடாவின் வான்கூவர் பங்குச்சந்தை காட்டியது. 1982 ஜனவரியில் 1000 புள்ளியில் தொடங்கிய அதன் குறியீட்டெண், நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,000 முறை புதுப்பிக்கப்பட்டது; ஒவ்வொரு முறையும் மூன்றாம் தசம இடத்திற்கு அப்பாலுள்ள இலக்கங்கள் வெட்டப்பட்டன. ஒரு வெட்டில் போனது சராசரியாக 0.0005 புள்ளியே என்றாலும், இழப்பு எப்போதும் கீழ்நோக்கியே அமைந்ததால், நாள்தோறும் ஒரு புள்ளிக்கு மேல் கரைந்தது. 1983 நவம்பரில் 524.811 எனக் காட்டிய குறியீட்டெண்ணை முறையாகக் கணக்கிட்டபோது 1098.892 என்று வந்தது.

அருகிலுள்ள மதிப்புக்குத் திருத்தமாக்கும்போது சில பிழைகள் மேலேயும் சில கீழேயும் விழுவதால், அவை பெருமளவு ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கின்றன. கணினி அறிவியலாளர் வில்லியம் கஹான் முதன்மைப் பங்காற்ற, மிதவைப் புள்ளிக் கணக்கீட்டுக்கென 1985இல் வெளிவந்த ஐஇஇஇ 754 தரநிலை இம்முறையையே இயல்பான விதியாக்கியது. சரிபாதியில் நிற்கும் எண்களையும் எப்போதும் ஒரே திசையில் தள்ளாமல், கடைசி பிட் 0 ஆக அமையும் பக்கத்துக்கே அனுப்ப வேண்டும் என்று அது வகுத்தது. எண்ணியல் பகுப்பாய்வுக்கு ஆற்றிய அடிப்படைப் பங்களிப்புகளுக்காகக் கஹானுக்கு 1989இல் டூரிங் விருது வழங்கப்பட்டது.

வரம்புக்குட்பட்ட பிட்டுகளில் எல்லாப் பின்னங்களையும் துல்லியமாக அடக்க முடியாது என்பதால், நிரலாளர் பணத்தைப் பைசாக் கணக்கில் முழு எண்ணாக வைத்தல், விடைகள் சமமா என்று பாராமல் போதிய அளவு நெருங்கியுள்ளனவா என்று பார்த்தல் ஆகிய பழக்கங்களைக் கைக்கொள்ள வேண்டும். பிழை எவ்வளவு சிறியது என்பதோடு, அது எத்திசையில், எத்தனை முறை சேர்கிறது என்பதையும் ஆராய்வதே நம்பகமான மென்பொருளுக்கு அடிப்படை.