நிலாவரை: வற்றாத கிணறு சொல்லும் பாடம்

சுண்ணாம்புப் பாறை என்றதும் மலேசியத் தமிழர்களுக்குப் பத்துமலைதான் நினைவுக்கு வரும். அங்கே பாறை மலையாக எழுந்து நிற்கிறது. இலங்கையின் யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ அதே வகைப் பாறை மண்ணுக்கடியில் தட்டையாகப் பரந்து கிடக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி, மலாயாவின் இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பணியாற்ற வந்த யாழ்ப்பாணத்தார் பலரின் சொந்த ஊர்கள் அந்தப் பாறையின் மேல் அமைந்தவை.

அத்தகைய ஊர்களில் ஒன்று, புத்தூருக்கு அருகிலுள்ள நவக்கிரி. அங்கிருக்கும் நிலாவரைக் கிணறு 'அடி காணாத கிணறு' எனப் பெயர் பெற்றது. தாகம் தீர்க்க இராமர் அம்பு எய்து உண்டாக்கிய கிணறு இது என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லிவரும் கதை.

கிணறு பிறந்த விதம்

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாக மாறுகிறது. அது சுண்ணாம்புப் பாறையைச் சிறுகச் சிறுகக் கரைக்கிறது. வெடிப்புகள் குகைகளாகின்றன. குகையின் கூரை இடிந்து விழுந்தால் அங்கே பெரும் பள்ளம் தோன்றுகிறது. நிலாவரை அப்படி உருவான பள்ளமே. ஊரெழுவில் உள்ள பொக்கணையும் இவ்வகையைச் சேர்ந்ததே. இத்தகைய நிலத்தைப் புவியியலார் 'கார்ஸ்ட்' என்பர்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. பெய்யும் மழை பாறை வெடிப்புகள் வழியே உள்ளே இறங்கிவிடுகிறது. அந்த நிலத்தடி நீரே மக்களுக்கு ஆதாரம்.

மேலே நன்னீர், கீழே உப்புநீர்

இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட், 1859இல் வெளிவந்த தமது நூலில் புத்தூர்க் கிணற்றைப் பற்றி எழுதியுள்ளார். நீர்மட்டம் 12 மணி நேரத்திற்கு ஒருமுறை சில அங்குலம் ஏறி இறங்குவதை அவர் குறிப்பிட்டார். பாறை வழியே கடலுடன் தொடர்பு இருப்பதே இதற்குக் காரணம்.

கிணற்றின் மேல்பகுதியில் நல்ல நீரும் ஆழத்தில் உப்புநீரும் இருக்கின்றன. நன்னீர் எடை குறைந்தது என்பதால் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது புவியியல் கணக்கு. மேல்மட்டம் 1 அடி தாழ்ந்தால், கீழிருந்து உப்பு 40 அடி மேலேறிவிடக்கூடும். ஆகவே, கிணறு வற்றாது என்பதால் நல்ல தண்ணீரும் தீராது என்று எண்ணிவிடக் கூடாது.

துலாவிலிருந்து இயந்திரத்திற்கு

சுண்ணாம்புப் பாறை கரைந்தபின் எஞ்சிய செம்பாட்டு மண்ணில் புகையிலை, வெங்காயம், மிளகாய் ஆகியவை செழித்தன. அக்காலத்தில் துலாவில் ஆள் ஏறி மிதித்து நீர் இறைத்தனர். மனித உடலின் களைப்பே நீர்ச்செலவுக்கு ஓர் எல்லையாக இருந்தது. நீர் இறைக்கும் இயந்திரம் வந்தபின் அந்த எல்லை மறைந்தது.

இதைவிடப் பெரிய கவலை மாசு. மணல் நிலம் நீரை வடிகட்டும். வெடிப்புள்ள சுண்ணாம்புப் பாறையோ, மேலே விழுவதை அப்படியே கீழே அனுப்பிவிடும். உரமும் கழிவுக்குழி நீரும் இறங்கியதால், குடாநாட்டின் பல கிணறுகளில் நைட்ரேட் அளவு உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பான லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியது. இது கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது.

சுன்னாகத்தில் மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தது பெரும் வழக்காக மாறியது. 2019இல் இலங்கை உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்ட குடியிருப்பாளர்களுக்கு இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

பழைய குளங்களைத் தூர்வாரி மழையை நிலத்தில் இறங்கச் செய்வதும், உரத்தை அளவோடு இடுவதும், கழிவுக்குழியைக் கிணற்றிலிருந்து தள்ளி அமைப்பதும் நவக்கிரி போன்ற ஊர்களுக்கு அவசியமானவை. ஒரு வீட்டார் மண்ணில் ஊற்றுவது அடுத்த வீட்டாரின் குடத்திற்கு வந்து சேரும். பாறை வழியே எல்லாக் கிணறுகளுக்கும் உறவு உண்டு.